கடைமடையில் ஒரு மா குட்டை: நெல், மாடு, வாத்து, மீன் சேர்ந்த ஒரு குடும்பப் பண்ணையின் மூன்று பருவங்கள்

பின்னணி

திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், காவிரி நீர் எல்லா வாய்க்கால்களையும் கடந்து கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றில் இக்குடும்பம் வாழ்கிறது. கணவர், மனைவி, கணவரின் தாயார், பள்ளியில் படிக்கும் மகளும் மகனுமாக ஐந்து பேர். சொந்த நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். ஒரு கலப்பினப் பசுவும் ஒரு நாட்டுப் பசுவும் உண்டு. சம்பா ஒரு போகம், அறுவடைக்குச் சில நாள் முன்னதாக ஈரம் காயாத வயலில் தெளிக்கும் உளுந்து, அதன்பின் கோடை முழுவதும் தரிசு என்றுதான் நிலம் ஓடிக்கொண்டிருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது கொல்லையில் நின்ற தென்னைகளில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. மாதந்தோறும் சிறிதளவு கைக்கு வந்துகொண்டிருந்த தேங்காய்ப் பணம் அத்துடன் நின்றது.

இந்த வீட்டில் பட்டினி இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிச் சத்துணவில் முட்டையும் உண்டு. குறை இருந்தது சோற்றில் அன்று, சோற்றோடு சேர்வதில். தை, மாசியில் அறுவடைப் பணம் புழங்கும் வரை குழம்பில் மீனோ காயோ இருக்கும். ஆடி பிறந்து நடவுச் செலவு தொடங்கியதும் அது புளிக்குழம்பாகவும் ரசமாகவும் சுருங்கும், ஐப்பசி, கார்த்திகை வரை அப்படியே நீடிக்கும். மீன் வாங்கும் நாள்களிலும் துண்டுகள் முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போய், மாமியாருக்கும் மருமகளுக்கும் தலையும் வாலும் குழம்பும் மிஞ்சும். மருமகளுக்கு இரத்தசோகை இருப்பதாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். வேளாண் ஆலோசனைப் பணியில் இருக்கும் எனக்கு இக்குடும்பம் அறிமுகமானது நெல்லில் வந்த நோய் பற்றிக் கேட்க வந்தபோதுதான். ஆனால் இந்த வீட்டின் உண்மையான சிக்கல் அடுப்படியில் இருந்தது என்பதே என் முடிவு.

நிலத்தில் கண்டவை

ஆறு மாவில் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரு மா, பக்கத்து வயல்களைவிட ஓரடிக்கும் மேல் தாழ்ந்த தாக்கு, அதாவது வயல் பகுதி. வடகிழக்குப் பருவமழையில் முதலில் மூழ்குவதும் கடைசியில் வடிவதும் அதுதான். நல்ல ஆண்டிலும் அதில் எட்டு மூட்டைக்கு மேல் கண்டதில்லை. 2021 ஜனவரியில், கதிர் முற்றியிருந்த நேரத்தில் டெல்டா முழுவதும் பருவம் தப்பிய மழை பெய்து, சாய்ந்த நெல் வயலிலேயே முளைவிட்டபோது, அந்த ஒரு மாவில் அரிவாளே வைக்கவில்லை.

மண் களிமண், தேங்கிய நீர் எளிதில் கீழிறங்காது. ஆழ்துளை நீர் உவர்ப்பாக இருந்ததால் குட்டைக்கு அதை நம்ப முடியாது. ஆற்று நீரும் மழை நீருமே ஆதாரம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தாலும் கடைமடைக்கு நீர் வர மேலும் சில வாரங்கள் ஆகும். ஜனவரி 28 அன்று அடைத்தபின் வாய்க்கால் காயும். ஆகவே குட்டை கட்டினால் அதற்கு ஆயுள் ஆவணியிலிருந்து சித்திரை, வைகாசி வரை, ஒன்பது பத்து மாதங்கள்தான் என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது.

மாட்டுக்கொட்டகை இந்தத் தாக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், சற்று மேட்டில் இருந்தது. சாணம் குப்பைமேட்டில் குவிந்து மழையில் கரைந்து பாதி வீணாகிக்கொண்டிருந்தது. அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் ஊர் ஊராக வாத்துக் கிடை ஓட்டி வருபவர்கள் இந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்த்து, முட்டையை விற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள். தன் நிலத்தின் தீனியில் வேறொருவரின் வாத்து முட்டையிடுவதை இந்தக் குடும்பம் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பேசப்பட்டது நெல்வயலுக்குள்ளேயே ஓரத்தில் ஓடை வெட்டி மீன் விடும் முறை. அதைக் கைவிட்டோம். கடைமடையில் நீர் வயலிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. மேல்வயல்காரர் குருத்துப்பூச்சிக்கு மருந்தடித்த நீர் மறுநாள் நம் வயலில் நிற்கும். வரப்பை உயர்த்திச் சொந்த வயலைத் தனித்துப் பிரிக்கலாம். ஆனால் ஆறு மாவையும் அப்படிப் பிரிப்பதற்கு ஆகும் செலவைக் குடும்பம் தாங்காது. ஒரு மாவை மட்டும் குட்டையாக்கி, அதற்கு உயர்ந்த கரை போட்டு, மருந்து நீர் உள்ளே வராமல் காப்பது நடக்கக்கூடியதாக இருந்தது.

இழப்பையும் கணக்கிட்டோம். எட்டு மூட்டை என்றால் ஏறக்குறைய 480 கிலோ. அன்றைய நேரடி கொள்முதல் நிலைய விலையில் அது பத்தாயிரம் ரூபாயைத் தொடாது. உழவு, நடவு, அறுவடைக் கூலி போனால் கையில் நிற்பது அதில் சிறு பங்கு. இந்தக் கணக்கைத் தாயாரிடம் எடுத்துச் சொன்னபோதும் அவர் உடனே சம்மதிக்கவில்லை. நெல் விளைந்த மண்ணைத் தோண்டுவது அவருக்குத் துயரமாக இருந்தது. மூழ்கும் மண்ணை அள்ளி மேட்டில் போட்டால் கொட்டகையும் கொல்லையும் உயரும் என்பது புரிந்தபின்தான் அவர் இசைந்தார்.

2021 கோடையில், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பெற்று, பொக்லைன் வைத்துக் குட்டை வெட்டப்பட்டது. ஒரு மாவுக்கு 33 சென்ட். அதில் 20 சென்ட் நீர்ப்பரப்பு, மீதி கரை. ஆழம் ஐந்தடி. கரைக்கு ஏற்றிய மண்ணை அகலமாகப் பரப்பியது முக்கியமான முடிவு: மீனைவிடக் கரையே இந்த வீட்டின் காய்கறித் தோட்டம் ஆக வேண்டும் என்று நினைத்தோம். உள்சரிவில் அருகம்புல், வெளிச்சரிவில் கம்பு நேப்பியர் தீவனப்புல், கரையின் தலைப்பில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரை, இடையிடையே வாழையும் முருங்கையும். கஜாவின் நினைவு இருந்ததால் கரையில் தென்னை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சாயும் மரம் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

மீன்களில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும், புல்கெண்டையும் சாதாக்கெண்டையும் தேர்ந்தெடுக்கப்பட்டன. கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும், ரோகு நடுநீரில், மிர்காலும் சாதாக்கெண்டையும் அடியில். புல்கெண்டை கரையில் அறுத்துப் போடும் புல்லைத் தின்று கழிக்கும் கழிவே குட்டைக்கு எருவாகும். ஒரே நீரில் ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டிக்கு வராது என்பதே கூட்டு மீன்வளர்ப்பின் அடிப்படை. ஹெக்டேருக்கு ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு குஞ்சுகள் என்ற அளவில் இந்தக் குட்டைக்கு 500 குஞ்சுகள் போதுமானவை. நாலங்குலம் வளர்ந்த விரலிகளாகவே வாங்கினோம். சிறு குஞ்சு விலை மலிவு. ஆனால் தவளை, தண்ணீர்ப் பாம்பு, நீர்க்காகம் ஆகியவற்றுக்குப் போக எஞ்சுவது குறைவு. வாத்து விடும் எண்ணம் இருந்தால் சிறு குஞ்சு அறவே கூடாது.

குட்டைக்கு மேல் கோழிக்கூண்டு கட்டும் முறையும் பேசப்பட்டது. கோழி எச்சம் நேராக விழும் நீரின் மீனைச் சாப்பிட மாட்டேன் என்று தாயார் உறுதியாகச் சொன்னார். சமைப்பவரும் சாப்பிடுபவரும் மனம் ஒப்பாத மீன் அந்த வீட்டின் உணவாகாது என்பதால், தொழில்நுட்ப வாதம் எதையும் முன்வைக்காமல் அதை விட்டுவிட்டோம். வாத்து அவருக்குப் பழக்கமானது. குளத்தில் நீந்தும் பறவை குளத்தில் நீந்துவதில் அவருக்கு மறுப்பு இல்லை.

முதல் பருவம்: 2021 ஆவணி முதல் 2022 வைகாசி வரை

அவ்வாண்டு மேட்டூர் உரிய நாளில் திறந்தது. குட்டை நிரம்பியதும் 20 கிலோ சுண்ணாம்பும் அடியுரமாகக் கொஞ்சம் சாணமும் இட்டு, நீர் இளம்பச்சையாக மாறியபின் ஆவணியில் விரலிகள் விடப்பட்டன. ஆலையில் சொந்த நெல்லை அரைக்கும்போது முன்பு தவிட்டைக் கூலிக்கு ஈடாக விட்டுவிடுவார்கள். இப்போது கூலியைப் பணமாகக் கொடுத்துத் தவிட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடலைப் பிண்ணாக்குடன் சேர்த்துப் பிசைந்து மீனுக்கு வைத்தார்கள். ஐப்பசித் தொடக்கத்தில், கிடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய இருபது வாத்துகள் வந்தன. கரையில் மூங்கில் தட்டியால் இரவுக் கொட்டில் கட்டினார்கள்.

அதற்கு முந்தைய மாதத்தில் கணவர் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டு, கழுவும் நீர் நேராகக் குட்டைக்குப் போகுமாறு ஒரு கால்வாய் எடுத்திருந்தார். சாணம் மீனுக்கு நல்லது என்றால் தினமும் போகட்டும் என்பது அவர் எண்ணம். முதல் சில வாரங்களில் மீன் நன்றாகவே வளர்ந்தது. அதனால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

2021 நவம்பரில் டெல்டாவில் நாள்கணக்கில் மழை நீடித்தது. வெயில் முகமே காணாத நாலைந்து நாள்களில் நீர் கரும்பச்சையாகிப் பிறகு பழுப்பு ஓடியது. கையை முழங்கை வரை நீருக்குள் நீட்டினால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். அப்போது மணிக்கட்டு முங்கும்முன்பே விரல்கள் மறைந்தன. ஒரு விடியற்காலை பால் கறக்க எழுந்த மருமகள் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "அத்தை, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்குது" என்று கத்திக்கொண்டு வந்தார். கட்லாக்கள் நீர்ப்பரப்பெங்கும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விரட்டினாலும் உள்ளே போகவில்லை. சில ஏற்கெனவே வெள்ளை வயிறு தெரியக் கரையோரம் ஒதுங்கியிருந்தன.

இது நோயன்று, மூச்சுத்திணறல். பகலில் வெயில் இருந்தால் நீரிலுள்ள பாசிகள் உயிர்வளியை (ஆக்சிஜனை) வெளியிடும்; இரவில் அவையும் மீனைப்போலவே அதை உட்கொள்ளும். எரு மிகுந்தால் பாசி மிகும், மட்கும் சாணமும் உயிர்வளியை உறிஞ்சும். மூட்டம் தொடர்ந்தால் பகல் வரவு குறைந்து இரவுச் செலவு நிற்காமல் போக, விடியலுக்கு முந்தைய வேளையில் கணக்கு தீர்ந்துவிடும். மேல்நீரில் வாழும் கட்லாதான் முதலில் தவிக்கும்.

வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரம் புதுநீர் பாய்ச்சுவது. பக்கத்து வாய்க்காலில் நீர் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினும் கையில் இருந்தது. ஆனால் அந்த வாரத்தில்தான் மேல்வயல்களில் மருந்தடித்திருந்தார்கள் என்பதைக் கணவர் நினைவுபடுத்தினார். ஆகவே வாய்க்கால் நீரைத் தொடாமல், குட்டை நீரையே எஞ்சினால் உறிஞ்சி, ஆளுயரத்தில் கட்டிய தகரத் தட்டின்மேல் பீய்ச்சிச் சிதறடித்து மீண்டும் குட்டையிலேயே விழச் செய்தோம். கொட்டகைக் கால்வாயை மண் போட்டு அடைத்து, தீனியை நிறுத்தி, வாத்துகளை இரண்டு நாள் கொட்டிலிலேயே வைத்துக்கொண்டார்கள். எட்டு மணிக்குள் மீன்கள் அடங்கின. மூன்றாம் நாள் வெயில் வந்தது. கட்லாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. ரோகுவும் மிர்காலும் ஏறக்குறைய தப்பின. அதே மழையில் தென்கரையின் ஒரு தாழ்ந்த இடத்தில் நீர் வழிந்து, எதிர்நீர் ஏறும் ரோகுகளில் சில வெளியேறின. பிற்பாடு அங்கே கரையை உயர்த்தி, சுற்றிலும் மூன்றடி உயரத்துக்கு நைலான் வலை கட்டினார்கள்.

எரு அளவை மீண்டும் கணக்கிட்டது

தவறு நேர்ந்த இடம் எது என்று தெரிந்தது அதன்பின் போட்ட கணக்கில்தான். இந்த ஆய்வில் பிறர் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மீன்குளத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 முதல் 15 டன் பச்சைச் சாணம் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. 20 சென்ட் என்பது ஹெக்டேரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்படியானால் இந்தக் குட்டைக்கு வாரத்துக்குத் தேவைப்படுவது 20 கிலோ சாணம். ஒரு பசு நாளொன்றுக்கே 10 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். இரண்டு பசுக்கள் ஒரே நாளில் போடுவது இந்தக் குட்டையின் ஒரு வாரத் தேவை. அதாவது ஏழு மடங்கு எரு போகக்கூடிய வழியைக் கால்வாய் திறந்துவிட்டிருந்தது. அதற்கு மேல் வாத்துகள். ஒரு வாத்து நாளொன்றுக்கு 125 முதல் 150 கிராம் எச்சம் இடும் என்பார்கள். இருபது வாத்துகளும் முழுநாளும் குட்டையிலேயே கிடந்தால் வாரத் தேவையை அவை மட்டுமே ஏறக்குறைய நிறைவு செய்துவிடும்.

ஆகவே புதிய ஏற்பாடு இவ்வாறு அமைந்தது. கொட்டகை நீர் ஒரு குழிக்குப் போகும். அங்கிருந்து கரைக் காய்கறிக்கும் தீவனப்புல்லுக்கும். சாணத்தில் பெரும்பங்கு தொழு உரமாக வயலுக்கு. குட்டைக்கு வேண்டிய அளவை மட்டும் சாக்கில் கட்டி, மூலையில் நட்ட கழியில் பாதி முங்கத் தொங்கவிடுவார்கள். நீர் வெளிறினால் சாக்கை இறக்குவது, கரும்பச்சை ஓடினால் தூக்கிவிடுவது, ஐப்பசி அடைமழை தொடங்கினால் கழியிலிருந்தே அவிழ்த்துவிடுவது. முழங்கைச் சோதனையைத் தினமும் செய்வது மகளின் வேலையாயிற்று. வாத்துகள் பகலில் வாய்க்காலிலும் அறுத்த வயலிலும் மேய்ந்து மாலையில் திரும்பும்.

கோடையில் குட்டை வற்றத் தொடங்கியபோது மீன் பிடித்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. கடல்மீனுக்கே பழகிய இந்தப் பகுதியில் அந்த நாள்களில்தான் குளத்துமீனை ஆள் தேடி வந்து வாங்குவார்கள். குட்டை வற்றும் காலமும் தடைக்காலமும் ஒன்றாக அமைந்தது இந்த இடத்துக்கு இயற்கை கொடுத்த வசதி. முதல் பருவத்தில் கிடைத்தது ஏறக்குறைய 130 கிலோ. விற்றது கரையிலேயே, கிலோ 150 ரூபாயை ஒட்டி. நகைக்கடன் வட்டிக்கும் தீனிச் செலவுக்கும் போக மிச்சம் சொற்பம்.

இரண்டாம் பருவம்: 2022 முதல் 2023 வரை

2022இல் மேட்டூர் மே 24 அன்றே திறக்கப்பட்டது. குட்டை சேறு வாரக்கூட அவகாசம் குறைவாகத்தான் இருந்தது. ஆயினும் நாலங்குல ஆழத்துக்கு வண்டலை அள்ளிக் கரையில் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டுக் கத்தரியும் வெண்டையும் காய்த்த காய்ப்புக்கு அந்த வண்டலே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. குஞ்சுகளை ஒரு மாதம் முன்னதாகவே விட முடிந்தது.

இவ்வாண்டு எடுத்த முக்கியமான முடிவு அறுவடை முறை பற்றியது. கோடையில் ஒரேயடியாகப் பிடித்து விற்பது என்பதை மாற்றி, மீன் அரைக்கிலோ எட்டியதும் மார்கழியிலிருந்தே வீச்சு வலை போட்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பெரியவற்றை எடுக்க எடுக்கச் சிறியவற்றுக்கு இடமும் தீனியும் கூடும் என்பது ஒரு காரணம். மற்றொன்று அதைவிடப் பெரியது: ஒரே நாளில் கைக்கு வரும் பணம் கடனுக்குப் போகும், வாரந்தோறும் வரும் மீன் சட்டிக்குப் போகும்.

மாமியார் பால் கணக்கு எழுதும் மாத நாள்காட்டியிலேயே மீன் எடுத்த நாளுக்கு ஒரு சுழியும் முட்டை எண்ணிக்கையும் குறித்து வந்தார். அந்தத் தாள்களைப் பார்த்தால் மார்கழி தொடங்கிச் சித்திரை முடிய ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் சுழி இருக்கிறது. புரட்டாசித் தாளில் வீட்டுக்கு எடுத்ததாக முட்டைக் குறிப்பும் இல்லை. அம்மாதம் இவ்வீட்டில் மீனும் முட்டையும் சேர்ப்பதில்லை. அம்மாத முட்டைகள் முழுவதும் விற்பனைக்குப் போயின, அப்பணம் மருமகளின் கையிலேயே நின்றது.

சம்பா இவ்வாண்டும் தப்பவில்லை. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடை வேளையில் பெய்த மழையில் வயலில் கதிர் சாய்ந்து, ஈரப்பதத்தால் கொள்முதல் நிலையத்தில் நெல் காத்துக் கிடந்தது. அந்த வாரங்களில் வீட்டுச் செலவைப் பாலும் முட்டையும் ஓட்டின. பருவ முடிவில் மீன் ஏறக்குறைய 230 கிலோ வந்திருந்தது. அதில் 70 கிலோவை ஒட்டி வீட்டிலும் உறவிலும் உண்ணப்பட்டது. கடைசிப் பிடிப்புக்குப் பதினைந்து நாள் முன்பே எருவையும் தீனியையும் நிறுத்தியதால், முதல் ஆண்டு வாங்கியவர்கள் சொன்ன சேற்று வாடை இம்முறை இல்லை.

மூன்றாம் பருவம்: 2023 முதல் 2024 வரை

2023இல் மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்தும், அணையில் நீர் இருப்பு குறைந்து அக்டோபர் 10 அன்றே அடைக்கப்பட்டது. கடைமடையில் சம்பா மழையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. குட்டையில் நீர் இருந்தது. வயலுக்கு நீர் வேண்டும், மீனுக்கும் நீர் வேண்டும் என்ற நெருக்கடி இந்தப் பண்ணையில் முதன்முறையாக எழுந்தது.

கணவர் குட்டை நீரை இறைத்து நாற்றைக் காப்பாற்ற விரும்பினார். கணக்குப் பார்த்தோம்: குட்டையில் இருந்த நாலடி நீரையும் ஐந்து மா வயலில் பரப்பினால் ஆறு அங்குலத்துக்கு மேல் நிற்காது, ஒருமுறை நனைக்கலாம், பயிரை முடிக்க முடியாது. மீனோ முற்றாகப் போய்விடும். எனவே நாற்றங்காலுக்கு மட்டும் ஒரு முறை நீர் எடுப்பது, குட்டை மூன்றடிக்குக் கீழே இறங்க விடாதது என்று கோடு போட்டார்கள். ஐப்பசி மழை வந்து வயலும் குட்டையும் ஈரம் கண்டன. நெல் விளைச்சல் வழக்கத்தில் பாதியை ஒட்டி நின்றது. மீன் 190 கிலோவை நெருங்கியது. கரைக் காய்கறிக்குக் குட்டை நீர் குடத்தால் எடுத்தே ஊற்றப்பட்டதால் கீரையும் கொத்தவரையும் கோடை நடுவரை நின்றன.

விளைவுகள்

நெல் பாதியாகக் குறைந்த ஆண்டில் இவ்வீட்டுச் சமையல் முந்தைய நல்ல ஆண்டுகளைவிட மேம்பட்டிருந்தது என்பதே இந்த நிகழ்வின் முதன்மையான விளைவு. வீட்டில் பிடிக்கும் மீன் ஒரே வேளையில் இரண்டு மூன்று கிலோ வருவதால், முன்பு யாருக்கு எந்தத் துண்டு என்று இருந்த கணக்கு தானாகவே மறைந்தது. மருமகளின் இரத்த அளவு அடுத்தடுத்த சோதனைகளில் உயர்ந்திருந்தது. அதற்கு மாத்திரையும் காரணம், முருங்கைக்கீரையும் காரணம், மீனும் காரணம் என்பதால் எதற்கும் தனியே பெருமை சேர்க்க இயலாது.

பணத்தில் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. நகைக்கடன் இரண்டாம் பருவ முடிவில் அடைந்தது. மூன்றாம் பருவத்தில்தான் மிச்சம் கண்டார்கள். கடலைப் பிண்ணாக்கு வாங்குவதே பெரிய கைச்செலவு. வெளிச்சரிவுத் தீவனப்புல்லால் வைக்கோல் வாங்கும் செலவு கோடையில் குறைந்தது. வயலுக்குத் தொழு உரம் போனதால் அடியுரமாக வாங்கும் மூட்டைகளில் ஒன்று குறைந்தது.

வேலைப்பளு கூடியது, அதுவும் பெண்களுக்கே கூடியது. வாத்தைத் திறந்துவிடுவது, தீனி பிசைவது, புல் அறுப்பது, காய் பறிப்பது எல்லாம் அவர்களின் காலை நேரத்தில் வந்து சேர்ந்தன. மூன்றாம் ஆண்டில் கணவர் புல் அறுப்பையும் மகன் மாலையில் வாத்து ஓட்டி வருவதையும் ஏற்றுக்கொண்டபின்தான் இது சற்றுச் சீரானது. ஒருங்கிணைந்த பண்ணை பற்றிப் பேசும்போது எருவும் நீரும் சுற்றிவருவதை விளக்கும் நாம், யாருடைய உழைப்பு அதைச் சுற்ற வைக்கிறது என்பதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே பேச வேண்டும்.

மாற்ற வேண்டியவை

குட்டை முழுவதும் ஒரே ஆழத்தில் வெட்டப்பட்டது பொருத்தமாக அமையவில்லை. வடகிழக்கு மூலையில் நாலு மீட்டர் சதுரத்துக்கு மேலும் நாலைந்து அடி ஆழமாகப் பள்ளம் எடுத்திருந்தால், வைகாசியிலும் அதில் கொஞ்சம் நீர் நின்று, வளர்ச்சி குன்றிய மீன்களை அடுத்த பருவத்துக்குக் காத்து வைத்திருக்கலாம். ஆனால் வற்றாத பள்ளத்தில் விராலும் கெளுத்தியும் தங்கிவிடும்; புதுக்குஞ்சு விட்டால் அவை விட்டுவைக்கா. குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பு பள்ளத்து நீரில் கனமீட்டருக்கு 250 கிராம் என்ற கணக்கில் இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்தால், மிதந்துவரும் அவற்றைப் பிடித்துச் சமைத்துக்கொள்ளவும் முடியும், பிண்ணாக்கின் நஞ்சு குஞ்சு வருவதற்குள் முறிந்தும் போகும்.

2024இல் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. நீர் தாமதமானால் குஞ்சு விடுவதும் தாமதமாகி, வற்றும் முன் மீன் அரைக்கிலோவை எட்டாமல் போகிறது. இதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு சென்டில் நாற்றங்கால் குட்டை ஒன்று எடுத்து, கோடை மழை நீரிலேயே சிறு குஞ்சை வாங்கி வளர்த்து வைத்திருக்கும் ஏற்பாட்டைக் குடும்பம் தொடங்கியிருக்கிறது. விரலியாக வாங்கும் செலவும் இதில் மிச்சமாகும்.

வாத்து எண்ணிக்கையைப் பன்னிரண்டாகக் குறைப்பது பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. இருபது வாத்துகள் கரையின் உள்சரிவைக் கொத்தி மண்ணைச் சரிய வைக்கின்றன என்கிறார் மூத்தவர். சரிவு மூன்றாண்டில் ஓரடி உள்வாங்கியிருப்பதும் உண்மை. முட்டைப் பணம் குறையும் என்கிறார் இளையவர். தற்போதைக்கு உள்சரிவில் மூங்கில் படல் அடித்து, வாத்து இறங்கி ஏற ஒரே ஒரு படித்துறை மட்டும் விட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்தபின் சரிவை அளந்து பார்த்து முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.